ஆரணியில் ஒரு சனிக்கிழமை

ஆரணிக்கு ரயிலில் போகிறவர்கள் ஒரு சிறு ஏமாற்றத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். காட்பாடியிலிருந்து விழுப்புரம் செல்லும் பாதையில் 'ஆரணி ரோடு' என்று ஒரு ஸ்டேஷன் உண்டு. பெயரை நம்பி இறங்கினால் ஆரணியைக் காண முடியாது. இறங்குகிற இடம் களம்பூர். அங்கிருந்து பஸ் ஏறிப் போனால்தான் ஊர் வந்து சேரும். பெயரைக் கண்ட மாத்திரத்தில் பொருளை நிச்சயித்துவிடலாகாது என்ற பாடத்தை அந்த ஸ்டேஷன் பிரயாணிகளுக்கு இலவசமாகப் போதிக்கிறது. உபாத்தியாயராகிய நமக்கு அந்தப் பாடம் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே தேவைப்பட்டது. ஏன் என்பதைப் பின்னால் சொல்லுகிறோம்.

கமண்டல நாகநதியின் கரையிலே அமைந்த ஊர் ஆரணி. ஆற்றை அணியாக உடையது என்பதனால் இப்பெயர் வந்தது என்று உள்ளூரார் சொல்லுவர். சரித்திரப் புஸ்தகங்களில் இவ்வூரைத் தேடினால் பீரங்கிச் சத்தம்தான் கேட்கும். 1751-ஆம் வருஷக் கடைசியில், ஆற்காட்டு முற்றுகை முடிந்த கையோடு, ராபர்ட் கிளைவ் இங்கே ராஜா சாகிபின் படையையும் பிரெஞ்சுக்காரர்களையும் எதிர்த்துப் போரிட்டான். 1782-இல் ஸர் அயர் கூட்டின் சைனியமும் ஹைதர் அலியின் சைனியமும் இங்கே மோதின. அந்தச் சத்தமெல்லாம் எப்போதோ ஓய்ந்துவிட்டது. இப்போது ஊருக்குள் நுழைந்தால் காதில் விழுவது வேறு சத்தம். தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு, மிதியும் நாடாவும் மாறி மாறி எழுப்பும் 'டக், டக்' ஒலி. ஆரணியின் அரிசியைப் போலவே ஆரணியின் பட்டும் தமிழ் நாட்டுக் கல்யாண வீடுகளில் பிரசித்தமானது அல்லவா?

நமது தமக்கையின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. புடவை வாங்கி வரும்படி வீட்டில் உத்தரவு. நாம் ஆரணியைத் தேர்ந்தெடுத்ததற்கு அது ஒன்றே காரணம் என்று வீட்டார் நினைத்துக் கொண்டார்கள். உண்மையில் வேறொரு காரணமும் இருந்தது. அவ்வூரில் நாம் தீர்க்க வேண்டிய கடன் ஒன்று இருந்தது, பணக் கடனன்று.

நாம் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் வேறோர் ஊரில் இருக்கிறது. அதன் விடுதியில் தங்கி ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன், ஆரணி நெசவாளர் வீட்டுப் பிள்ளை. வெள்ளிக்கிழமை மாலை ஊருக்குப் போவான். திங்கட்கிழமை காலை திரும்புவான். ஒரு திங்கட்கிழமை அவன் நோட்டுப் புஸ்தகத்தை நீட்டியபோது அவனுடைய விரல்களைப் பார்த்தோம். நகக் கண்களெல்லாம் ஒரே சிவப்பு. "கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு வா" என்று வெளியே அனுப்பினோம். போய்க் கழுவிக்கொண்டு வந்தான். சிவப்பு அப்படியே இருந்தது. வகுப்பு சிரித்தது.

அன்றைய பாடம் உலக சரித்திரம். யூதர்களைப் பற்றிய பகுதி. நாம் எங்கோ படித்திருந்த ஒரு செய்தி அச்சமயம் பார்த்து ஞாபகத்துக்கு வந்தது. "கவலைப்படாதே அப்பா! உலகத்தில் உனக்குத் துணையாக ஒரு சமூகத்தாரே இருக்கிறார்கள். சனிக்கிழமை வந்துவிட்டால் யூதர்கள் தலை வார மாட்டார்கள், நகம் வெட்ட மாட்டார்கள், வெந்நீரில் குளிக்கவும் மாட்டார்கள்" என்றோம். வகுப்பு இரண்டாம் முறையும் சிரித்தது. பையன் மட்டும் சிரிக்கவில்லை. இரு கைகளையும் மேஜைக்கு அடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "ஏன் ஐயா அப்படி?" என்று கேட்டான். நமக்கு விடை தெரியவில்லை. நல்ல வேளையாக மணி அடித்தது.

மணி காப்பாற்றியது வகுப்பிலிருந்துதான், மனச்சாட்சியிலிருந்து அல்ல. 'ஏன்' என்ற அந்தக் கேள்வி நம்மைத் தொடர்ந்து வந்தது. கோடை விடுமுறையில் கொச்சிக்குச் சென்றபோது மட்டாஞ்சேரியில் யூதத் தெருவைப் பார்க்கப் போனோம். அங்குள்ள பரதேசி ஜெப ஆலயம் 1568-இல் கட்டப்பட்டது. தரை முழுவதும் 1762-இல் சீன தேசத்திலிருந்து வரவழைத்த நீல வெள்ளைப் பீங்கான் கற்கள் பதித்திருக்கின்றன என்று கேள்விப்பட்டிருந்தோம். நாம் போன நாள் சனிக்கிழமை. கதவு சாத்தியிருந்தது! ஷபாத் என்னும் ஓய்வு நாளில் பார்வையாளருக்குத் திறப்பதில்லை. 1948-இல் இஸ்ரேல் தேசம் பிறந்தபின் கொச்சி யூதர்களில் மிகப் பெரும்பாலோர் அங்கே குடியேறிவிட்டார்கள். இங்கே எஞ்சியவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஆயினும் கதவு ஓய்வு நாளை மறக்கவில்லை. கொங்கணக் கரையிலே எண்ணெய் ஆட்டிப் பிழைத்த பெனே இஸ்ரேல் யூதர்களை அக்கம்பக்கத்தார் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர், என்றே அழைத்து வந்தார்கள். மற்றச் செக்குகள் சுற்றும் சனிக்கிழமையில் அவர்கள் செக்கு மட்டும் நின்றுவிடும். சுற்றியிருந்தோர் கண்ணுக்கு அவர்களுடைய சமயத்தின் அடையாளம் அதுதான்.

ஊருக்குத் திரும்பியதும், டான்பி என்ற ஆங்கில அறிஞர் 1933-இல் மொழிபெயர்த்து வெளியிட்ட மிஷ்னா என்னும் யூத தர்ம நூலைத் தேடி எடுத்துப் படித்தோம். கி.பி. 200-ஐ ஒட்டி, யூதா என்னும் குருவின் தலைமையில் தொகுக்கப்பட்டது அந்நூல். ஓய்வு நாளில் செய்யலாகாத 39 தொழில்களை அது வரிசைப்படுத்துகிறது. விதைப்பது முதல் ரொட்டி சுடுவது வரை 11. ஆட்டு ரோமம் கத்தரிப்பது முதல் துணி தைப்பது வரை 13. மானைப் பிடித்துத் தோலைப் பதமாக்கி அதில் இரண்டு எழுத்து எழுதி அழிப்பது வரை 9. கட்டுவது, இடிப்பது, நெருப்பை அணைப்பது, மூட்டுவது, சம்மட்டியால் அடிப்பது, பொருளைச் சுமந்து செல்வது என்று இன்னும் 6. முற்காலத்தில் வனாந்தரத்திலே இறைவனுக்குக் கூடாரம் அமைத்தபோது நடந்த வேலைகளிலிருந்து இவற்றைக் கணக்கிட்டதாக யூத ஆசிரியர்கள் கூறுவர். நீலமும் சிவப்புமாகச் சாயம் தோய்த்த நூலால் நெய்த திரைகள் அக்கூடாரத்தை அலங்கரித்தன. ஆண்டவனுக்கே நெய்வதாயினும் ஏழாம் நாளில் தறி நிற்க வேண்டும் என்பது கருத்து.

பட்டியலைப் படித்துவிட்டோம். தலை வாருவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பது மட்டும் புத்தியில் நன்றாகப் பதியவில்லை. அச்சமயத்தில்தான் அந்தப் பதின்மூன்று தொழில்களும் ஒருங்கே நடக்கும் இடம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. ஆட்டு ரோமத்துக்குப் பதிலாகப் பட்டு, அவ்வளவுதான் வித்தியாசம். பையனின் தகப்பனாருக்கு ஒரு கடிதம் போட்டோம். "வாருங்கள் ஐயா, சனிக்கிழமையே வாருங்கள். வேலை எல்லாம் பார்க்கலாம்" என்று பதில் வந்தது.

அவர் நம்மை முதலில் அழைத்துப் போனது தம் தம்பியின் சாயப் பட்டறைக்கு. வாசலிலேயே வெந்நீர் ஆவியும் சோப்பு நெடியும் எதிர்கொண்டன. பட்டுப் பூச்சி தன் கூட்டைக் கட்டும்போது இழைக்கு மேல் ஒரு கோந்தைப் பூசிவிடுகிறது. கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இந்தக் கோந்துதான். சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் போட்டு எடுத்தால் கோந்து கரைந்து, சொரசொரப்பான நூல் பளபளவென்று மின்னுகிறது. பின் அலசி, கழியில் மாட்டி, மற்றொரு கழியால் முறுக்கிப் பிழிகிறார்கள். தண்ணீர் சோவென்று கொட்டுகிறது.

மிஷ்னாவின் 'வெளுத்தல்' நம் கண்ணெதிரே நின்றது. நூலை அலசுவதும் துணியைப் பிழிவதும் அந்தத் தொழிலின் பாற்பட்டவை. ஆகையால் ஷபாத் அன்று யூதர் ஈரத் துண்டைப் பிழிய மாட்டார். தலைமயிரையும் பிழிய மாட்டார். குளிப்பவன் பத்துத் துண்டுகளால் துடைத்துக்கொண்டாலும், அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாகாது என்று மிஷ்னா விதிக்கிறது; தனியாகப் போகிறவன் மறந்துபோய்ப் பிழிந்துவிடக்கூடும். ஆனால் பத்துப் பேர் ஒரே துண்டில் முகம், கை, கால்களைத் துடைத்துக்கொண்டால், அதை எடுத்துப் போகத் தடையில்லை. ஒருவன் மறந்தாலும் மற்றவன் ஞாபகப்படுத்துவான் அல்லவா? இந்த விதியைச் செய்தவர்கள் மனித சுபாவத்தை நன்றாய் அறிந்தவர்கள் என்று தோன்றியது.

அடுத்த தொட்டியில் அரக்குச் சிவப்புச் சாயம். நூற்கழிகளை ஒருவர் சாயத்தில் முக்கிப் புரட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கை முழங்கைவரை சிவந்திருந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் நமக்கு அடிவயிறு கலங்கியது. அதே சிவப்பு, நாம் குழாயடிக்கு அனுப்பிக் கழுவச் சொன்ன சிவப்பு! ஒரு வாரத்துக்குக் குறைந்து அது போகாதாம். சாயம் தோய்த்தலும் 39-இல் ஒன்று. முகத்தில் வர்ணம் தீட்டுவதும் கண்ணுக்கு மை எழுதுவதும் ஷபாத் அன்று கூடாது என்பதற்கு இதைக் காரணமாகச் சொல்லுகிறார்கள்.

அங்கிருந்து நெசவுத் தெருவுக்கு வந்தோம். தெரு நீளத்துக்குப் பாவு விரித்துக் கட்டி, இருபுறமும் ஆண்களும் பெண்களும் நின்று இழைகளின் சிக்கை நீக்கிக்கொண்டிருந்தனர். ஓர் இழை அறுந்தால் உடனே முடிச்சுப் போட வேண்டும். மயிர் வாருவது போலத்தான் அந்தக் காட்சி இருந்தது. ரோமம் சிக்கெடுப்பதும், கத்தரிப்பதும், முடிவதும், முடிச்சை அவிழ்ப்பதும் பட்டியலில் உள்ளவை. சீப்பால் தலை வாரினால் சில மயிர்களாவது பிடுங்கிக்கொண்டு வராமல் இரா. அது ரோமம் கத்தரிப்பதற்குச் சமானம். நகத்தைப் பல்லால் கடிப்பதுகூட அந்த வகையில் சேர்ந்ததே. கையால் தலையை ஒதுக்கிவிட்டுக் கொள்ளலாம். மயிரைப் பிடுங்காத மெல்லிய பிரஷ்ஷை உபயோகிப்பதும் உண்டு. தலை கலைந்திருக்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. கத்தரிக்கும் தொழில் நடக்கலாகாது என்பதே விதி.

பையனின் வீடு ஓடு வேய்ந்த பழைய வீடு. கூடத்திலே குழித்தறி. தகப்பனார் குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்து நாடாவை ஓட்டிக் காட்டினார். விழுதின் கண்ணிகளுக்குள் இழைகள் ஏறி இறங்கின. ஆயிரக்கணக்கான பாவு இழைகள். புதுப் பாவு வரும்போது ஒவ்வொன்றின் நுனியையும் பழைய இழையின் நுனியோடு விரலால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். மிஷ்னாவில் 'விழுதில் இரண்டு கண்ணி கட்டுதல்' என்றும் 'இரண்டு இழை நெய்தல்' என்றும் இருப்பதை அவரிடம் சொன்னோம். இரண்டு இழை நெய்தாலே ஓய்வு நாளை மீறியதாகும் என்றோம்.

அவர் தறியை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்தார். "இரண்டு இழையா, ஐயா? மூச்சு விடுகிற நேரம் ஆயிற்றே! இதைச் சொன்னவர் தறியில் உட்கார்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். விழுது கட்டுவது தனி வேலை என்று வெளியார் யாருக்கும் தெரியாது" என்றார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முற்பட்ட தொழிலாளியை ஆரணித் தொழிலாளி அடையாளம் கண்டுகொண்ட நிமிஷம் அது.

உள்ளே அந்த வீட்டு அம்மாள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். ஷபாத் அன்று பின்னலும் கூடாது. மூன்று புரியை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிப் பின்னுவது கட்டடம் கட்டுவதைப் போன்றது என்று யூதப் பண்டிதர்கள் சொன்னார்கள். ஆதி ஸ்திரீயாகிய ஏவாளுக்கு இறைவனே தலை பின்னி ஆதாமிடம் அழைத்து வந்தார் என்று அவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. இதைச் சொன்னதும் அந்த அம்மாள், "சாமியே பின்னி விட்டாரா! அந்தப் பெண் கொடுத்து வைத்தவள்தான்" என்று சிரித்தார்.

நாம் போனது சனிக்கிழமை என்றோமல்லவா? தகப்பனார் காலையிலேயே எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, வெந்நீரில் தலை முழுகியிருந்தார். புதனும் சனியும் ஆண்களுக்கு, செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு என்பது நமது ஏற்பாடு. ஆத்திசூடியிலேயே ஔவையார் சனி நீராட்டத்தை விதித்திருக்கிறார் என்று நம் பாட்டிமார் சாட்சி காட்டுவதும் உண்டு. நமக்கு முழுக்குக்கு உரிய அதே சனிக்கிழமையில் யூதர்கள் வெந்நீர் முழுக்கைத் தவிர்க்கிறார்கள்! எண்ணெய் தடவிக்கொள்ள அவர்களுக்கும் தடையில்லை. மிஷ்னா அதை அனுமதிக்கிறது. அடுப்பு மூட்டி நீரைக் காய்ச்சுவதுதான் கூடாது. ஆகவே, நமது எண்ணெய் ஸ்நானத்தில் முதற் பாதி அவர்களுக்கு உண்டு, பிற்பாதி இல்லை என்று சொல்லலாம்.

வெந்நீரைப் பற்றித் தால்முத் என்னும் விரிவுரை நூல் கூறும் சரித்திரம் வெகு ரசமானது. ஆதியில், வெள்ளிக்கிழமையே காய்ச்சி வைத்த நீரில் சனிக்கிழமை குளிக்கலாம் என்றுதான் இருந்தது. ஸ்நான கட்டங்களை நடத்தியவர்கள் சனிக்கிழமையே காய்ச்சிவிட்டு, 'நேற்றுக் காய்ச்சியது' என்று சொல்லத் தொடங்கினார்கள். பெரியவர்கள் வெந்நீர்க் குளியலைத் தடுத்து, ஆவியில் வேர்வை பிடிப்பதை மட்டும் அனுமதித்தார்கள். ஜனங்கள் குளித்துவிட்டு 'வேர்வை பிடிக்கிறோம்' என்றார்கள். அதையும் தடுத்து, திபேரியா என்னும் ஊரின் இயற்கை வெந்நீர் ஊற்றை மட்டும் விட்டுவைத்தார்கள். ஜனங்கள் அடுப்பு நீரில் குளித்துவிட்டு 'திபேரியா நீர்' என்றார்கள். அதையும் தடுத்துக் குளிர்ந்த நீரை மட்டும் அனுமதித்தபோது ஜனங்களால் தாங்க முடியவில்லை. ஆகவே திபேரியா ஊற்றைத் திரும்பக் கொடுத்துவிட்டார்கள். வகுப்பு நடத்தும் எவருக்கும் இந்தக் கதை புதிதாயிராது!

திபேரியாக்காரர்கள் இன்னொரு யுக்தியும் செய்து பார்த்தனர். குளிர்ந்த நீரைக் குழாய் வழியாக ஊற்றுக்குள்ளே செலுத்திச் சூடாக்கினார்கள். அதுவும் ஷபாத் அன்று காய்ச்சிய நீருக்கு ஒப்பானதே என்று பெரியவர்கள் தீர்ப்பளித்தனர். இக்காலத்து வீடுகளில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால், வெளியேறும் நீருக்குப் பதிலாகக் குளிர்ந்த நீர் கொதிகலனுக்குள் புகுந்து சூடேறுகிறது. எனவே, ஆசாரமுள்ள யூதர்கள் இன்றும் சனிக்கிழமை அந்தக் குழாயைத் திறப்பதில்லை.

அப்படியானால் அழுக்கோடு இருப்பதுதான் ஆசாரமா? இல்லவே இல்லை. முன்னாளே காய்ச்சிய நீரில் முகமும் கையும் காலும் கழுவலாம். குளிர்ந்த நீரில் உடம்பு முழுவதையும் நனைக்கத் தால்முத் இடம் கொடுக்கிறது. ஐரோப்பிய யூதர்கள்தாம், பிழிய நேரிடுமே என்று அஞ்சி, பிற்காலத்தில் அதையும் தவிர்த்து வந்தனர். கட்டிச் சோப்பைக் குழைப்பதைத் தவிர்ப்பவர்கள் நீராய் உள்ள சோப்பை உபயோகிக்கின்றனர். பற்பசை தோலில் பசை தடவி மெழுகுவதைப் போன்றதா என்று இன்றும் பண்டிதர்கள் வாதிடுகிறார்கள். பலர் பசையின்றிப் பல் துலக்குகிறார்கள். மலஜலம் கழித்தபின் சுத்தம் செய்துகொள்ள வேண்டிய கற்களை எடுத்துப் போகலாமா என்ற கேள்வி எழுந்தபோது, மனிதனுடைய மானம் பெரிது, அதன் பொருட்டு விதி தளரலாம் என்று தால்முத் தீர்மானித்தது. உயிருக்கு ஆபத்தென்றாலோ ஷபாத்தே விலகி நிற்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சுத்தமெல்லாம் முந்தைய நாட்களிலேயே முடிந்துவிடுகிறது. ஷபாத் வெள்ளிக்கிழமை சூரியாஸ்தமனத்தில் பிறந்து, சனிக்கிழமை இரவு மூன்று நட்சத்திரங்கள் தோன்றும்போது முடிகிறது. அதன் பொருட்டு வியாழக்கிழமையே துணி துவைத்துவிட வேண்டும் என்பது எஸ்ரா என்ற மகான் செய்த ஏற்பாடு. வெள்ளிக்கிழமை குளித்து, நகம் வெட்டி, தலை வாரி, சலவைத் துணி உடுத்தி, விளக்கேற்றி ஓய்வு நாளை வரவேற்கிறார்கள். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் வேளையை நினைத்துக் கொண்டால் இதைப் புரிந்துகொள்வது கஷ்டமல்ல.

இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்த தகப்பனார், "எங்களுக்கும் அமாவாசை உண்டு, ஐயா. அன்று தறியில் உட்கார மாட்டோம். குழியைப் பெருக்கித் தறிக்குச் சூடம் காட்டுவோம். ஆனால் முகூர்த்த நாள் நெருங்கிவிட்டால் அமாவாசையும் தெரியாது, ஆடியும் தெரியாது. புடவைக்கு இவ்வளவு என்று கூலி. தறி நின்றால் அடுப்பும் நின்றுவிடும்" என்றார்.

நாம் என்ன பதில் சொல்ல முடியும்? வனாந்தரத்தில் யூதருக்கு வானத்திலிருந்து விழுந்த மன்னா என்னும் உணவு, ஆறாம் நாளில் மட்டும் இரட்டைப் பங்காக விழுந்தது என்று அவர்கள் வேதம் சொல்லுகிறது. ஓய்வைக் கட்டளையிட்டவர் மறுநாள் ஆகாரத்துக்கும் வழி செய்தார். வேலைக்காரனுக்கும், எருதுக்கும், வீட்டில் தங்கிய அந்நியனுக்கும்கூட அந்த ஓய்வு உண்டு என்பது அக்கட்டளையின் பகுதி. ஆரணித் தறிக்கு அந்த இரட்டைப் பங்கை யார் அனுப்புவார்கள்? பட்டுடுத்திக் கல்யாணம் செய்யும் நாம் அல்லவா அதைப் பற்றி யோசிக்க வேண்டும்? நாம் விலை பேசாமல் புடவையை வாங்கிக்கொண்டோம். அது பெரிய காரியமல்ல. அவர் கேட்ட விலை நியாயமாயிருந்தது.

அதுவரை பையனைக் காணோம். சித்தப்பாவின் பட்டறைக்கு உதவிக்குப் போயிருந்தவன் பிற்பகலில் வந்தான். நம்மைக் கண்டதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். அப்போதுதான் ஒரு விஷயம் நமக்கு உறைத்தது. பள்ளிக்கூடம் சனியும் ஞாயிறும் விடுமுறை விடுகிறது. ஏழில் ஒரு நாள் ஓய்வு என்று உலகத்துக்கு முதலில் சொன்ன அந்த ஷபாத்தின் வழியில் வந்த விடுமுறை அது. அந்த விடுமுறை இந்தப் பிள்ளைக்குச் சாயத் தொட்டியில் கழிகிறது. அதன் அடையாளத்தைத் திங்கட்கிழமை விரலில் கண்டு, அழுக்கு என்று நாம் தீர்ப்பளித்தோம்.

"கையைக் கொடு" என்றோம். தயங்கிக் கொடுத்தான். "அன்று நாம் சொன்னது தப்பு. இது அழுக்கல்ல. யூதர்களைப் பற்றிச் சொன்னதும் தப்பு" என்றோம். தகப்பனாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பையன் வீட்டில் அதைச் சொல்லியிருக்கவில்லை.

அவன் சற்று நேரம் பேசாமலிருந்து, "யூதர் வீட்டில் சாயம் போடுகிறவர் கையும் சனிக்கிழமை சிவப்பாகத்தானே இருக்கும், ஐயா?" என்று கேட்டான்.

இருக்கும் என்றோம். ஷபாத் வருகையில் தையற்காரன் ஊசியைச் செருகிக்கொண்டும், சாயக்காரன் வர்ண மாதிரி நூலைக் கழுத்தில் கட்டிக்கொண்டும் வெளியே போகலாகாது என்று தால்முத் சொல்லுவதை அவனுக்கு எடுத்துரைத்தோம். தொழிலின் அடையாளத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும். ஆனால் விரலைக் கழற்றி வைக்க முடியாதே! அந்தச் சிவந்த கை அன்று ஒரு வேலையும் செய்யாமல் மடியில் கிடக்கும் என்றோம். "நாள் முழுவதுமா?" என்றான். நாள் முழுவதும் என்றோம்.

திங்கட்கிழமை வகுப்பில், "ஏன் ஐயா?" என்று கேட்ட மாணவனுக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது. நாம் சொல்லவில்லை. ஆரணிப் பையனைக் கூப்பிட்டு, ரோமம் கத்தரிப்பது முதல் துணி தைப்பது வரையுள்ள தொழில்களைக் கரும்பலகையில் எழுதச் சொன்னோம். பாவும் விழுதும் என்னவென்று அவன்தான் விளக்கினான். தலை வாருவதும் துண்டு பிழிவதும் அந்தப் பட்டியலில் எங்கே வந்து சேருகின்றன என்பதை அவனுக்குப் பின் நாம் சொன்னோம். பதின்மூன்றையும் எழுதி முடிக்கும்வரை அவன் கை எல்லோர் பார்வையிலும் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.